மேடையில் இதயத் துடிப்பு: கம்பியில்லாப் பலகையை நாமே கட்டுவது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செண்டைக்காரர் நெஞ்சில் ஒரு பட்டை, பந்தல் முகப்பில் சிவப்பு எண்கள். கொட்டு ஏறும்போது அந்த எண் 92, 118, 141 என்று ஏறுவதைக் கூட்டம் பார்க்கிறது. பாலக்காட்டுச் சித்தூர் (ஆந்திரத்துச் சித்தூர் வேறு), கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பள்ளிகளும் மன்றங்களும் ஆண்டு விழா, வேலா (கோயில் திருவிழா), வடம்வலி (கயிறு இழுக்கும் போட்டி), கபடி ஆகியவற்றுக்கு இப்படியொன்று கட்ட முடியுமா என்று கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில். சால்டரிங் தெரிந்து, ஆர்டுயினோவில் ஒரு எல்இடியையாவது மினுக்கிப் பார்த்தவருக்காக எழுதியது.

மொத்தம் எத்தனை பெட்டி?

மூன்று. ஆள் அணியும் நெஞ்சுப்பட்டை ஒன்று. மேடை ஓரத்தில், பட்டையிலிருந்து ஐந்து மீட்டருக்குள் வைக்கும் ரிலே பெட்டி ஒன்று. எண் காட்டும் பலகை ஒன்று. பட்டை புளூடூத்தில் ரிலே பெட்டிக்குச் சொல்லும். ரிலே பெட்டி அதை வேறொரு வழியில் பலகைக்கு அனுப்பும்.

பட்டையிலிருந்து நேராகப் பலகைக்கே வாங்கக் கூடாதா? ஒரு பெட்டி மிச்சமாகுமே?

வீட்டுக்கூடத்தில் வேலை செய்யும், திருவிழாவில் செய்யாது. இதற்கு இரண்டு காரணம்.

முதலாவது, மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். புளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அது நன்றாக உறிஞ்சிவிடும். அணிந்தவர் பலகைக்கு முதுகைக் காட்டினாலே சிக்னல் வெகுவாகக் குறையும். இடையில் நூறு பேர் நின்றால் சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது, பலகைக்குள் இருக்கும் சில்லு. எண்ணைக் காட்டும் எல்இடி பேனலான பி10 ஒரு நேரத்தில் நான்கில் ஒரு பங்கு வரிசைகளைத்தான் எரிக்கும். அதை ஓயாமல் மாற்றி மாற்றி எரித்தால்தான் கண்ணுக்கு முழு எண்ணாகத் தெரியும். அதே சில்லில் புளூடூத் தேடலும் ஓடினால் அந்தச் சுழற்சி தடுக்கி, எண்கள் துள்ளும். அதைச் சரிசெய்ய மூன்று இரவு கோடு (நிரல்) எழுதுவதைவிட ஐந்நூறு ரூபாய்க்குள் இன்னொரு ஈஎஸ்பி32 (வைஃபையும் புளூடூத்தும் உள்ள சின்னக் கன்ட்ரோலர் போர்டு) வாங்கிவிடலாம்.

எந்த உணரி? விரலில் மாட்டும் மேக்ஸ்30102 மலிவாக இருக்கிறதே?

மேடைக்கு ஆகாது. அது விரலுக்குள் ஒளியைப் பாய்ச்சி, ரத்தம் கூடிக் குறைவதை அளக்கிறது. கை அசைந்தாலும் ரத்தம் அசையும், உணரிக்கு இரண்டும் ஒன்றுதான். கொட்டுக்காரர் கையில் மாட்டினால் கோலின் தாளத்தையே துடிப்பென்று காட்டும். நாற்காலியில் உட்கார்ந்து கவிதை வாசிப்பவருக்கு வேண்டுமானால் சரிப்படும்.

ஏடி8232 என்ற ஈசிஜி மாட்யூலையும் பலர் கேட்கிறார்கள். ஒட்டும் மின்முனை மூன்று, தொங்கும் வயர் மூன்று. கையை உயர்த்தினால் தசையின் மின்சாரமும் கலந்துவிடும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு: கரண்டில் செருகிய லேப்டாப்போடு அந்த வயர்களை ஓர் ஆளின் மார்பில் ஒட்டவே கூடாது. சார்ஜர் பழுதானால் 230 வோல்ட் போக வேண்டிய வழி அந்த நெஞ்சுதான். பேட்டரியில் மட்டும் ஓடும் சோதனைக்கு அது போதும், மேடைக்கு வேண்டாம்.

வாங்க வேண்டியது புளூடூத் லோ எனர்ஜி நெஞ்சுப்பட்டை. போலார் எச்9, எச்10, கூஸ்போ, மஜீன் எதுவானாலும் ஒரே பொது நெறியில்தான் பேசும். ஒன்றுக்கு எழுதிய கோடு மற்றதற்கும் ஓடும். மொத்தச் செலவில் கனமான உருப்படி இதுதான். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கபடிக்கும் அதே நெஞ்சுப்பட்டையா?

வேண்டாம். பட்டையின் நடுவில் கெட்டியான பிளாஸ்டிக் வில்லை இருக்கிறது. நான்கு பேர் மேலே விழும்போது அது விலா எலும்பில் அழுந்தும். கபடிக்கு மேற்கையில் கட்டும் ஒளி உணரிப் பட்டையைப் போடுங்கள். வேகமாக ஏறி இறங்கும் துடிப்பில் அது சில நொடி பின்தங்கும், பரவாயில்லை. வடம்வலியில் கடைசியாக நிற்பவருக்கும் இதே கதை: வடம் அவர் முதுகையும் தோளையும் சுற்றிப் போவதால் அவருக்கு நெஞ்சுப்பட்டை கூடாது. நடுவில் இழுப்பவருக்குக் கட்டுங்கள். செண்டைக்கு நெஞ்சுப்பட்டை சிக்கலில்லை.

பட்டை என்ன அனுப்புகிறது? அதை எப்படிப் படிப்பது?

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இதயத் துடிப்புக்கென்று புளூடூத்தில் ஒதுக்கிய சேவை எண் 180டி. அதற்குள் அளவீடு வரும் பண்பு எண் 2ஏ37. இரண்டும் பதினாறடிமான எண்கள். அந்தப் பண்புக்கு நோட்டிஃபை (தானாக அனுப்பும் முறை) கேட்டுவிட்டால் சுமார் நொடிக்கு ஒரு தடவை சில பைட்டுகள் வந்து விழும்.

இப்படி வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள் (சாதாரணப் பத்தடிமானத்தில்): 16, 80, 0, 3.

முதல் பைட் கொடிகள். 16 என்றால் வலமிருந்து ஐந்தாவது பிட் மட்டும் ஏறியிருக்கிறது. அதாவது துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரமும் இதில் வருகிறது. வலது ஓரத்துக் கடைசி பிட் 0 என்பதால் துடிப்பெண் ஒரே பைட்டில் அடங்கும். அடுத்த 80தான் அந்த எண்: நிமிடத்துக்கு 80. மிச்சம் 0, 3. சின்ன பைட் முன்னால் வரும், ஆகவே 0 + 3 × 256 = 768. இது மில்லிசெகண்ட் அல்ல, நொடியின் 1024இல் ஒரு பங்கு. 768ஐ 1024ஆல் வகுத்தால் 0.75 நொடி, அதாவது 750 மில்லிசெகண்ட். 60000ஐ 750ஆல் வகுத்தால் 80. கணக்கு ஒத்துப்போகிறது. இந்த 1024ஐ 1000 என்று நினைத்து எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. எண் சுமார் 2.3 விழுக்காடு குறைவாகவே வந்துகொண்டிருக்கும், யாருக்கும் காரணம் தெரியாது.

கொடியில் 8 சேர்ந்திருந்தால் நடுவில் செலவான ஆற்றலுக்கு இரண்டு பைட் வரும், அதைத் தாண்டிப் படிக்க வேண்டும். 6 சேர்ந்திருந்தால் பட்டை தோலைத் தொடுகிறது என்று பொருள். 4 மட்டும் சேர்ந்திருந்தால், பட்டைக்கு அதை உணரத் தெரியும், ஆனால் இப்போது தோலில் படவில்லை. ஆக 22 வந்தால் நல்லது. 20 வந்தால் உடனே பலகையில் எண்ணை எடுத்துவிட்டு வெறும் கோடுகளைக் (---) காட்டுங்கள். எல்லாப் பட்டையும் இந்தப் பிட்டுகளைத் தருவதில்லை.

ரிலே பெட்டிக்கு எந்த போர்டு?

ஈஎஸ்பி32 அல்லது ஈஎஸ்பி32-சி3. ஈஎஸ்பி8266இல் புளூடூத்தே கிடையாது. ஈஎஸ்பி32-எஸ்2விலும் கிடையாது, பெயரைப் பார்த்து ஏமாறுபவர்கள் இதில்தான் அதிகம். கோவைக் காந்திபுரத்தில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் சில்லின் தகரத்தில் அச்சடித்த முழுப் பெயரைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

லைப்ரரி: நிம்பிள்-ஆர்டுயினோ. கூடவே வரும் பழைய பிஎல்இ லைப்ரரியைவிட மெமரி குறைவாகத் தின்னும். பட்டையின் முகவரியைக் கோடிலேயே எழுதி, அதை மட்டும் இணைக்கச் சொல்லுங்கள். “180டி எது கிடைத்தாலும் இணை” என்று விட்டால், முன்வரிசையில் பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சைக்கிள்காரரின் துடிப்பு பலகையில் ஏறும்.

தேடும்போது இடைவெளி 100 மில்லிசெகண்ட், கேட்கும் நேரம் 50 மில்லிசெகண்ட் என்று வையுங்கள். இரண்டையும் சமமாக வைத்தால் ஒரே ரேடியோவைப் பங்கிடும் வைஃபை பக்கம் பட்டினி கிடக்கும். இணைந்ததும் தேடலை நிறுத்துங்கள்.

பெட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். பிஸ்கட் டப்பா பார்க்க நன்றாக இருக்கும், சிக்னலை உள்ளேயே புதைத்துவிடும்.

பவர் பேங்கில் ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது. ஏன்?

பெட்டி எடுக்கும் கரண்ட் போதவில்லை. போன் சார்ஜ் ஆகி முடிந்தது என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் மூடிக்கொள்ளும். குறைந்த கரண்டுக்கென்று தனி முறை உள்ளதை வாங்குங்கள், அல்லது 18650 செல், டிபி4056 சார்ஜர், 5 வோல்ட்டுக்கு ஏற்றும் பூஸ்ட் போர்டு என்று கட்டிக்கொள்ளுங்கள். ஒத்திகையை அரைமணியில் முடித்துவிட்டு நிகழ்ச்சிக்குப் போகிறவர்கள்தான் இதில் மாட்டுவது.

ரிலேயிலிருந்து பலகைக்கு எந்த வழி?

பள்ளிக் கலையரங்கம், கல்யாண மண்டபம் அளவுக்கு ஈஎஸ்பி-நவ் (இரண்டு ஈஎஸ்பி போர்டுகள் நேராகப் பேசிக்கொள்ளும் முறை) போதும். ரூட்டர் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். இரண்டு போர்டும் ஒரே சேனலில் இருக்க வேண்டும். 1, 6, 11 மூன்றில் எது காலியோ அதை நிகழ்ச்சி நடக்கும் இடத்திலேயே பார்த்து முடிவு செய்யுங்கள். பொது ஒலிபரப்பாக அனுப்பினால் கிடைத்ததா என்ற பதில் வராது. ஆகவே ஒவ்வொரு செய்தியையும் 20 மில்லிசெகண்ட் இடைவெளியில் மூன்று தடவை அனுப்பி, வரிசை எண் போட்டுவிடுங்கள். பலகை ஒரே எண் திரும்ப வந்தால் தள்ளிவிடும். செய்திக்கு 12 பைட் தாராளம்: ஆள் எண், வரிசை எண், துடிப்பு, இடைவெளி, பட்டையின் பேட்டரி அளவு.

ஆயிரக்கணக்கில் ஆள் நிற்கும் வேலா மைதானம் வேறு. அங்கே ஒவ்வொரு பையிலும் ஒரு போன், ஒவ்வொரு போனிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ். மைக்செட்காரரின் மலிவு வயர்லெஸ் மைக்கும் சில நேரம் அதே அலையில்தான். அங்கே லோரா (சின்னச் செய்திகளை நெடுந்தூரம் அனுப்பும் ரேடியோ முறை) போடுங்கள். இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005இலேயே அனுமதி வந்துவிட்டது: அனுப்பும் திறன் 1 வாட்டுக்குள், அலை அகலம் 200 கிலோஹெர்ட்ஸுக்குள். லோராவின் 125 கிலோஹெர்ட்ஸ் அதில் அடங்கும். நடுவே 866இல் வையுங்கள். பரவல் காரணி (ஸ்ப்ரெடிங் ஃபேக்டர்) 7, அகலம் 125 என்றால் 12 பைட் செய்திக்குக் காற்றில் சுமார் 41 மில்லிசெகண்ட்தான் ஆகும். நொடிக்கொன்று தாராளமாக அனுப்பலாம்.

கடையில் லோரா சில்லை எஸ்எக்ஸ்1276 என்று கேளுங்கள். எஸ்எக்ஸ்1278 கொடுத்து “ரெண்டும் ஒண்ணுதான்” என்பார்கள். ஒன்றல்ல: 1278 எட்ட முடிந்தது 525 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான். ஆன்டெனாவுக்கு 8.6 செ.மீ. நீள ஒற்றை வயரே போதும். அது இல்லாமல் கரண்ட் கொடுக்காதீர்கள், அனுப்பும் பகுதி கருகக்கூடும்.

எந்த வழியானாலும் இரண்டு ஆன்டெனாவும் கூட்டத்தின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். இரண்டரை மீட்டர் மூங்கிலில் கட்டிய ரிலே பெட்டி, தரையில் வைத்த விலை உயர்ந்த ஆன்டெனாவை ஜெயிக்கும்.

பலகைக்கு எத்தனை பி10 பேனல்?

ஒரு பேனல் 32 × 16 புள்ளி, 32 × 16 செ.மீ. ஒற்றைப் பேனலில் எண்ணின் உயரம் 16 செ.மீ.; சுமார் இருபது மீட்டர் வரை சிரமமில்லாமல் படிக்கலாம். நான்கு பேனலை இரண்டுக்கு இரண்டாக வைத்தால் 64 × 32 செ.மீ., நாற்பது மீட்டர் வரைக்கும் ஆகும். மூன்று இலக்கத்துக்கும் தலா 20 புள்ளி அகலம் கிடைக்கும். லைப்ரரியோடு வரும் எழுத்துரு வேண்டாம். நான்கு புள்ளி தடிமனில் கால்குலேட்டர் பாணி எண்களை நீங்களே வரையுங்கள். மெல்லிய கோடு தூரத்தில் 8க்கும் 6க்கும் வித்தியாசம் காட்டாது.

சிவப்பு ஒற்றை நிறம் வாங்குங்கள். பகல் வெளிச்சத்துக்கு அதுவே மலிவு, அதுவே எடுப்பு. பிற்பகல் வெயில் நேராக முகத்தில் விழாதபடி வடக்கு பார்த்து மாட்டி, மேலே ஒரு கை நீளம் கறுப்புத் துணிக் குடை போட்டால் இன்னும் தெளியும்.

எழுத்து எதுவும் வேண்டாம், ஓர் இதயப் படமும் எண்ணும் போதும். தமிழில் எழுதுவதா மலையாளத்தில் எழுதுவதா என்று விழாக் கமிட்டியில் ஒரு மணி நேரம் போகாது.

வயரிங் எப்படி?

பி10இன் பின்னால் உள்ள 16 முனைச் செருகியில் நமக்கு வேண்டியது ஆறு: 1 ஒளி அனுமதி, 2 ஏ, 4 பி, 8 கடிகாரம், 10 தாழ் (லாட்ச்), 12 தரவு. ஒற்றைப்படை முனைகளில் 3 முதல் எல்லாம் கிரவுண்ட். பேனலை ஓட்டும் டிஎம்டி32 லைப்ரரியின் ஏற்பாட்டில் இவை ஈஎஸ்பி32இன் 22, 19, 21, 18, 2, 23க்கு முறையே போகும். ஈஎஸ்பி32இன் 2ஆம் முனை, போர்டு கிளம்பும்போது பார்க்கும் முனைகளில் ஒன்று. கோடு ஏற மறுத்தால் அதைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள், அல்லது தாழை 4க்கு மாற்றுங்கள்.

போர்டுக்கும் பேனலுக்கும் இடையில் ஒரு 74எச்சிடி245 சில்லு கட்டாயம் வையுங்கள். பேனலின் உள்ளே உள்ள 74எச்சி245, 5 வோல்ட்டில் ஓடும்போது 3.5 வோல்ட்டுக்கு மேலிருந்தால்தான் அதை ‘ஒன்று’ என்று உறுதியாக எடுத்துக்கொள்ளும். ஈஎஸ்பி32 கொடுப்பதோ 3.3. மேசையில் குறுகிய கேபிளில் ஓடிவிடும்; மேடையில் கேபிள் நீண்டு ஜெனரேட்டர் இரைச்சலும் சேர்ந்ததும் பேய்ப்புள்ளிகள் வரும். எச்சிடி வகைக்கு 2 வோல்ட்டே போதும். ‘டி’ என்ற எழுத்து விடுபடாமல் கேட்டு வாங்குங்கள்.

அதன் கால்கள்: 20க்கு 5 வோல்ட், 10க்கு கிரவுண்ட், 1ஐ 5 வோல்ட்டோடு, 19ஐ கிரவுண்டோடு. உள்ளே 2 முதல் 9, வெளியே 18 முதல் 11. கால் 20க்கும் 10க்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபேரட். ஒளி அனுமதி வயரிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ஒன்று போட்டால், போர்டு கிளம்பும் நொடியில் பளீரென்று ஒரு வரிசை எரிவது நிற்கும்.

பேனலிலிருந்து பேனலுக்குப் போகும் எஃப்ஆர்சி கேபிள் (தட்டையான பட்டை கேபிள்) கூடவே வரும். பின்னால் அச்சடித்த அம்புக்குறி போகும் திசையிலேயே தரவு போக வேண்டும். போர்டிலிருந்து முதல் பேனலுக்கு 30 செ.மீ. தாண்ட வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ் (230 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் சப்ளை) எவ்வளவு பெரியது?

ஒரு சிவப்பு பேனல் எல்லாப் புள்ளியும் எரிந்தால் அதிகபட்சம் 20 வாட், அதாவது 4 ஆம்பியர் என்று கணக்கு வையுங்கள். நான்குக்கு 16. ஆகவே 5 வோல்ட் 20 ஆம்பியர் சப்ளை போதும். வெயிலில் மூடிய பெட்டி என்றால் 40 ஆம்பியர் வாங்குங்கள்.

சப்ளையைப் பலகையின் முதுகிலேயே மாட்டுங்கள். கீழே வைத்துவிட்டு 2 மீட்டர் வயர் இழுத்தால், 2.5 சதுர மி.மீ. வயரானாலும் போக வர 4 மீட்டருக்கு 0.03 ஓம். 16 ஆம்பியரில் அரை வோல்ட் வயரிலேயே போய்விடும். மேல் பேனல் மங்கும், ஈஎஸ்பி32 அடிக்கடி மறுபடி கிளம்பும். ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனி 5 வோல்ட் வயர், எஃப்ஆர்சி கேபிள் வழியாக கரண்ட் எதிர்பார்க்கக் கூடாது. சப்ளையின் மைனஸும் ஈஎஸ்பி32இன் கிரவுண்டும் சேர்ந்திருக்க வேண்டும். ஈஎஸ்பி32இன் 5 வோல்ட் முனையருகே 1000 மைக்ரோஃபேரட் ஒன்று.

சில சப்ளைகளின் பக்கவாட்டில் 110/220 என்று ஒரு சின்னச் சுவிட்சு ஓட்டைக்குள் ஒளிந்திருக்கும். கடையிலிருந்து 110இல் வந்தால், 230 வோல்ட் கொடுத்த கணமே வெடிச் சத்தம்தான். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் செருகுங்கள். எர்த் வயரைத் தவறாமல் மாட்டுங்கள். பந்தல் லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே வெட்டும் சுவிட்சு) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். இரும்புச் சட்டத்தில் மாட்டிய பலகை, கீழே ஈரமண், செருப்பில்லாத கால்கள் – இந்த மூன்றும் சேரும் இடம் கோயில் மைதானம்.

எண் திடீரென்று 210, 230 என்று குதிக்கிறதே!

மார்கழி, தை, மாசியில் இந்தப் புகார் அதிகம் வரும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அப்போது வறண்டு வீசும். பாலியஸ்டர் ஜெர்சி பட்டையின் மேல் படபடத்து நிலைமின்சாரம் உண்டாகும். அதையும் பட்டை துடிப்பென்று எண்ணிக்கொள்ளும். கூடவே வியர்வை இல்லாத காய்ந்த தோல்.

கட்டுவதற்கு முன் பட்டையின் உட்புறமுள்ள இரண்டு ரப்பர் மின்முனைகளையும் தண்ணீரில் நன்றாக நனையுங்கள். எச்சிலும் ஆகும், ஆனால் அடுத்தவருக்குக் கொடுக்கும் பட்டையில் அது அழகில்லை. மார்பெலும்பின் கீழ் முனைக்கு நேராக, மூச்சை இழுத்தாலும் நழுவாத இறுக்கத்தில் கட்டுங்கள். பருத்திச் சட்டை போடுங்கள், அல்லது செண்டைக்காரர்கள் வழக்கம்போல வெற்று மேலோடு நிற்கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் வருவதற்குக் கோடில் வடிகட்டி. 300க்குக் குறைவான, 2000க்கு மேலான மில்லிசெகண்ட் இடைவெளிகளைத் தள்ளுங்கள். கடைசி ஐந்து இடைவெளிகளை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுங்கள். புதிதாக வருவது அதிலிருந்து 20 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் எடுக்காதீர்கள். ஆனால் தொடர்ந்து நான்கு தடவை அதே புதிய இடத்தில் வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், ஆள் உண்மையிலேயே ஓடத் தொடங்கியிருக்கலாம். இந்தக் கடைசி விதியை மறந்தால் எண் பழைய இடத்திலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். பலகையில் எண்ணை இரண்டு நொடிக்கு ஒரு தடவைக்கு மேல் மாற்ற வேண்டாம்.

சிக்னல் அறுந்தால் என்ன காட்டுவது?

வெறும் கோடுகள். ஐந்து நொடி புதிய செய்தி இல்லையென்றால் எண் மறைந்தே ஆக வேண்டும். கடைசி எண்ணை அப்படியே நிறுத்திவைப்பதுதான் இந்தக் கருவியில் செய்யக்கூடிய பெரிய தப்பு. 138 என்று உறைந்து நிற்கும் பலகையைப் பார்த்துக் கூட்டம் கைதட்டும், அணிந்தவரோ பத்து நிமிடத்துக்கு முன்பே பட்டையைக் கழற்றிவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். அதைவிட மோசம் 0 என்று காட்டுவது. ஒருவருடைய வீட்டார் கூட்டத்தில் இருக்கும்போது அவர் துடிப்பை 0 என்று போட்டுப் பாருங்கள், தெரியும். வரிசை எண் நகர்கிறதா என்பதைப் பலகை தானே கண்காணிக்க வேண்டும். ரிலே பெட்டி சொல்லும் என்று விட்டுவிடாதீர்கள், அறுவது அதுவாகவும் இருக்கலாம்.

இதயப் படம் துடிப்போடு சேர்ந்து மினுக்க முடியுமா?

முடியும், ஒரு நொடி தாமதமாக. வரும் இடைவெளிகளை வரிசையில் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து அந்த நேரம் கழித்து மினுக்குங்கள். தாளம் சரியாக இருக்கும், கணம் மட்டும் பிந்தும். வரிசையில் மூன்றுக்கு மேல் சேர்ந்துவிட்டால் பழையதை எறியுங்கள். “இதோ இந்த நொடியில்” என்று அறிவிப்பாளர் அடித்துச் சொல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பட்டை நேற்று கிடைத்தது, இன்று தேடினால் காணோம்.

பெரும்பாலும் யாரோ ஒருவர் போனில் உள்ள உடற்பயிற்சி ஆப் முந்திக்கொண்டு இணைந்திருக்கும். பல பட்டைகள் ஒரு நேரத்தில் ஒரு இணைப்பைத்தான் தாங்கும். பிடிபட்டதும் மற்றவர் கண்ணிலிருந்து மறைந்துவிடும். போலார் எச்10 இரண்டு இணைப்பு தாங்கும். அணிபவர் போனில் புளூடூத்தை அணைத்துவிட்டு மறுபடி தேடுங்கள். இன்னொன்று: தோலில் படாத பட்டை தூங்கும். மேசையில் வைத்துவிட்டு வரவில்லை என்றால் வராது. எதுவும் புரியவில்லையா, என்ஆர்எஃப் கனெக்ட் என்ற இலவச ஆப்பில் பட்டையைத் திறந்து 2ஏ37இல் பைட்டுகள் வருகின்றனவா என்று பாருங்கள். அதில் வந்தால் பிழை உங்கள் கோடில்.

மண்டபத்தில் புரொஜெக்டர் இருக்கிறது. பேனல் இல்லாமல் செய்யலாமா?

லேப்டாப்பில் குரோம் இருந்தால் ஒரே வலைப்பக்கத்தில் முடிந்துவிடும். வெப் புளூடூத் வழியாக அதே 180டியைக் கேட்கலாம். பக்கம் லோக்கல்ஹோஸ்டிலோ எச்டிடிபிஎஸ்ஸிலோ இருக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸிலும் ஐபோன் சஃபாரியிலும் இது கிடையாது. லேப்டாப்பை மேடைக்கு அருகில் வையுங்கள், நீளமாகப் போக வேண்டியது எச்டிஎம்ஐ கேபிள்.

காட்டும் எண் சரியா என்று எப்படிச் சோதிப்பது?

உட்கார்ந்திருக்கும் ஒருவர் கழுத்து நாடியை 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பலகையோடு இரண்டு மூன்றுக்குள் ஒத்தால் சரி. பிறகு இருபது தோப்புக்கரணம் போடச் சொல்லி எண் ஏறுகிறதா, நின்றதும் இறங்குகிறதா என்று பாருங்கள்.

மேளம் ஏற ஏறத் துடிப்பும் ஏறும் என்று அறிவிக்கலாமா?

வாக்குக் கொடுக்க வேண்டாம். பஞ்சாரி மேளம் ஐந்து காலம். ஒரு சுற்று 96 அட்சரத்தில் தொடங்கி 48, 24, 12, 6 என்று ஒடுங்கி வேகம் பிடிக்கும். துடிப்பு அந்தப் படிகளில் ஏறாது. மேடை ஏறிய பதற்றத்திலேயே உயர்ந்து, மெதுவான காலத்தில் இறங்கி, கடைசியில் கை அசதியில் மறுபடி ஏறலாம். பழகிய ஆசானுக்கும் புதிய பையனுக்கும் ஒரே காலத்தில் வேறு வேறு எண் வரும். அதைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவதுதான் உண்மையில் சுவாரசியம். ஒரு ரிலே பெட்டி மூன்று பட்டை வரை தாங்கும்.

அணிபவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

அவருடைய உடம்பின் கணக்கை ஊரே பார்க்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். பள்ளிப் பிள்ளை என்றால் பெற்றோரிடம். பேஸ்மேக்கர் வைத்தவர் மருத்துவரைக் கேட்காமல் கட்டக் கூடாது. எப்போது வேண்டுமானாலும் பலகையை அணைக்க ரிலே பெட்டியில் ஒரு பொத்தான் வைத்து, அதை அவருக்குக் காட்டிவையுங்கள். இது மருத்துவக் கருவி அல்ல. எண்ணை வைத்து மைக்கில் யாரும் வைத்தியம் பேச வேண்டாம். அதே நேரம் ஒருவருக்கு நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால், பலகை என்ன காட்டினாலும் நிகழ்ச்சியை நிறுத்துங்கள்.

பேட்டரி ஒரு மாதத்தில் தீர்ந்துவிடுகிறது.

நிகழ்ச்சி முடிந்ததும் வில்லையைப் பட்டையிலிருந்து கழற்றவில்லை. ஈரமான பட்டை இரண்டு முனையையும் இணைத்துக்கொண்டே இருப்பதால், ஆள் அணிந்திருப்பதாக நினைத்து அது விழித்தே கிடக்கும். கழற்றி, வில்லையைத் துடைத்து வையுங்கள். பட்டையைச் சாதாரணத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். போலார் எச்10க்கு சிஆர்2025, வேறு பல பட்டைகளுக்கு சிஆர்2032. பெட்டியில் இரண்டும் ஒவ்வொன்று கிடக்கட்டும், கூடவே மூடியைத் திறக்க ஒரு பத்து ரூபாய் நாணயமும்.